பழைய ஆலை நிலத்தை வாங்குமுன்: மண்ணிலும் நீரிலும் மாசு இருக்கிறதா என்று பார்க்கும் முறை

கட்டடம் எழுப்ப நிலம் வாங்குகிறவர்களிடம் மண்ணைச் சோதித்தீர்களா என்று கேட்டால், ‘சாயில் டெஸ்ட் எடுத்தாச்சு’ என்பார்கள். அவர்கள் சொல்வது அஸ்திவாரத்துக்கான சோதனை. மண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த ஆழத்தில் பாறை வரும் என்பதுதான் அதில் இருக்கும். வேளாண் துறையின் மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை, சில நுண்ணூட்டங்கள் இருக்கும். காரீயம், குரோமியம்-6 (நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும் குரோமிய வகை), பாதரசம், பென்சீன் பற்றி இரண்டிலும் ஒரு வரி கூட இருக்காது. மாசுச் சோதனை தனி வேலை. அதைச் செய்ய வேண்டிய நேரம் கிரய ஒப்பந்தத்துக்கு முன்பு. முன்பணம் கைமாறிய பிறகு தெரியவந்தால், அந்தத் தொல்லை வாங்கியவர் தலையில்தான் விழும்.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ராணிப்பேட்டை ஒன்றே போதும். அங்கே சிப்காட் பகுதியில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, லட்சம் டன்னைத் தாண்டிய குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுப் போனது. ஆலை நின்று பல ஆண்டுகள் கழித்தும், ஒவ்வொரு மழையிலும் குரோமியம்-6 நிலத்தடி நீரில் இறங்கியது. கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அந்த வளாக மண்ணை எந்த அளவு வரை சுத்தம் செய்தால் போதும் என்ற வாதம் அதன்பின் பல ஆண்டுகள் நீண்டது. தொழில் போன பிறகும் அதன் எச்சம் மண்ணிலேயே இருக்கும்.

வேலையின் வரிசை இதுதான்: முதலில் காகிதம், அடுத்து நடை, பிறகு தோண்டுவது, கடைசியில்தான் லேப். பலர் லேப்பில் ஆரம்பிக்கிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கொடுத்த மண்ணுக்கு வரும் அறிக்கை, எத்தனை பக்கம் இருந்தாலும் பயன்படாது.

முதல் படி: நிலத்தின் பழைய கதை

பட்டா, சிட்டா, ஏ-பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகியவை யாருடைய நிலம், நஞ்சையா புஞ்சையா என்பதைச் சொல்லும். அங்கே என்ன தொழில் நடந்தது என்பது பெரும்பாலும் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும்.

வில்லங்கச் சான்றை 1975 முதல் எடுங்கள். அதில் பெயர்களை மட்டும் பார்க்காமல் அடமானங்களையும் கவனியுங்கள். தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்துக்கோ வங்கிக்கோ இயந்திரங்களோடு சேர்த்து அடமானம் வைத்த பதிவு இருந்தால், அங்கே ஆலை இருந்தது என்று பொருள். எண்ணெய் நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகை இருந்தால் பெட்ரோல் பங்க். தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘தொட்டிகள் உள்பட’, ‘சுண்ணாம்புக் குழிகள்’, ‘கொதிகலன் அறை’ என்று ஒரு வரி வந்தால் அது பெரிய தகவல்.

ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் நிலமும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முலாம் பூசும் பட்டறை, பழைய பேட்டரி உடைத்துக் காரீயம் உருக்கும் கொட்டகை, சிறு சாயப்பட்டறை போன்றவை பெரும்பாலும் பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் நடப்பவை. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் அவை வில்லங்கத்தில் வரவே வராது. பழைய மின் இணைப்பு தொழிற்சாலை விகிதத்தில் இருந்ததா, உள்ளாட்சியில் தொழில் உரிமம் எடுத்திருந்தார்களா, சொத்துவரி எந்த வகையில் கட்டப்பட்டது என்று பார்த்தால் பிடிபடும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாள். ‘இந்த நிலத்தில் மாசு உண்டா’ என்று கேட்டால் ‘தகவல் இல்லை’ என்றுதான் வரும். புல எண்ணையும் ஆலையின் பெயரையும் குறிப்பிட்டு, இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) நகல்கள், ஆய்வு அறிக்கைகள், மூடல் உத்தரவுகள், அபாயகரக் கழிவுக்கான படிவம் 4 ஆண்டறிக்கைகள் என்று ஆவணத்தின் பெயரோடு கேளுங்கள். படிவம் 4இல் எந்தக் கழிவு எத்தனை டன் உருவானது, எங்கே போனது என்று இருக்கும். ஆண்டுக்கு 40 டன் கசடு உருவானதாகக் கணக்கு, வெளியே அனுப்பியது 10 டன் என்றால், மீதி 30 டன் எங்கே என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. பெரும்பாலும் அது வளாகத்துக்குள்ளேயே புதைந்திருக்கும்.

பிறகு செயற்கைக்கோள் படங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு, 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் ரகசியம் நீக்கப்பட்டு, அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஏரி இருந்த இடம், கிணறு இருந்த இடம், கல்குவாரிப் பள்ளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2005இல் பள்ளம், 2012இல் சமதளம் என்றால் நடுவில் யாரோ எதையோ கொட்டி மூடியிருக்கிறார்கள். என்ன கொட்டினார்கள் என்று தெரியும்வரை அது சந்தேக இடம்.

தொழிலைத் தெரிந்துகொண்டால் தேட வேண்டிய பொருள் தானாகக் கிடைக்கும். டேனரி (தோல் பதனிடும் ஆலை) என்றால் குரோமியம், உப்பு, சல்பைடு. சாயப்பட்டறை என்றால் உப்பும் கன உலோகங்களும். திருப்பூர்ச் சாய ஆலைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னதற்கு நொய்யலில் இறங்கிய உப்பும் முக்கியக் காரணம். முலாம் பட்டறையில் குரோமியம்-6, நிக்கல், சயனைடு. பேட்டரிப் பட்டறையில் காரீயம், அமிலம். பங்க், லாரி ஷெட் என்றால் பெட்ரோலியப் பொருள்களும் பென்சீன் வகைகளும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் பழுதுபார்த்த இடத்தில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெய். குப்பை மேட்டில் இவற்றோடு மீத்தேன் வாயு. தேயிலைத் தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லி வழியாகச் சேர்ந்த தாமிரம்.

இரண்டாம் படி: நடந்து பார்ப்பது

புலப்படத்தின் நகலோடு, உரிமையாளரின் அனுமதியோடு, பகலில் இரண்டு பேராகப் போங்கள். மழை பெய்து ஓரிரு வாரம் கழித்துப் போவது நல்லது. அப்போது மண் காயும்போது உப்பும் உலோகமும் மேலே பூத்து நிற்கும். சுவரின் அடியிலோ தரை வெடிப்பிலோ மஞ்சள் அல்லது மஞ்சள்-பச்சைப் பூப்பு தெரிந்தால் குரோமியம்-6 என்று சந்தேகியுங்கள். வெள்ளைப் பொருக்கு உப்பு. சுற்றிலும் சீமைக்கருவேலம் செழித்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் மொட்டையாக இருந்தால் அதைப் படத்தில் குறியுங்கள். தரையிலிருந்து காரணமில்லாமல் எழும் இரும்புக் குழாய் நிலத்தடித் தொட்டியின் காற்றுக்குழாயாக இருக்கலாம். தரையில் எங்கெங்கே கான்கிரீட் ஒட்டு இருக்கிறது, வடிகால் எங்கே போய் முடிகிறது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கிக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள்.

மூடிய தொட்டி, குழி, மேன்ஹோல் எதிலும் இறங்காதீர்கள், தலையைக் கூட நுழைக்காதீர்கள். டேனரிக் கசடுத் தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறப்பது வாடிக்கையாக நடக்கிறது. மண்ணை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவும் வேண்டாம்.

அக்கம்பக்கத்தில் பேசுங்கள். ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள், பக்கத்துக் கிணற்றுக்காரர், டீக்கடைக்காரர், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கழிவுத் தண்ணீர் எங்கே போனது? கசடை எங்கே கொட்டினார்கள்? எந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊரார் குடிப்பதை விட்டார்கள்? கடைசிக் கேள்விக்கான பதில், பல நேரம் லேப் அறிக்கையை விடத் தெளிவாக இருக்கும்.

மூன்றாம் படி: ஒரு தாளில் வரைவது

இதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம், ஆனால் இதுதான் முழு வேலைக்கும் முதுகெலும்பு. மாசின் மூலம் எது, அது எந்த வழியில் நகரும், யாரை வந்து சேரும் என்று மூன்று கட்டங்களாக எழுதுங்கள். பழைய கசடுக் குழி, அங்கிருந்து நிலத்தடி நீர், அதிலிருந்து அடுக்ககத்தின் போர்வெல், அதைக் குடிக்கும் குடும்பங்கள். இது ஒரு சங்கிலி. அதே குழியின் மேல்மண், காற்றில் பறக்கும் தூசி, விளையாடும் குழந்தையின் கை, வாய். இது வேறு சங்கிலி. மூன்றில் ஒரு கண்ணி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை. கிடங்கு கட்டி முழுவதும் கான்கிரீட் போட்டால் தூசிச் சங்கிலி அறுந்துவிடும், நீர்ச் சங்கிலி அப்படியே இருக்கும். மாதிரி எடுக்கும் ஒவ்வோர் இடமும் இந்தத் தாளில் உள்ள ஏதாவது ஒரு சங்கிலியைச் சோதிப்பதாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: மாதிரி எடுப்பது

ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். 20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் ஏறக்குறைய 10 புள்ளிகள் வரும். அந்தக் கட்டத்தால் 95 சதவீத உறுதியோடு பிடிக்கக்கூடிய மிகச் சிறிய வட்டத் திட்டு, கட்ட இடைவெளியைப் போல 1.18 மடங்கு, அதாவது சுமார் 24 மீட்டர் விட்டம். 6 மீட்டர் அகலக் கசடுக் குழி பத்துப் புள்ளிகளுக்கும் நடுவில் தப்பித்துவிடும். ஆகவே புள்ளிகளில் பாதிக்கு மேல் சந்தேக இடங்களிலேயே வையுங்கள்: குழி, வடிகாலின் முடிவு, தொட்டியின் அடி, மொட்டைத் திட்டு. மீதியைக் கட்டமாகப் பரப்புங்கள். அதோடு, தொழில் நடக்காத பக்கத்து நிலத்தில் இரண்டு மூன்று மாதிரிகள் அவசியம் எடுங்கள். சேலம் சுண்ணாம்புக்கரட்டுப் பக்கமும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் பாறையிலேயே குரோமியம் அதிகம். அங்கே வெளிமாதிரி இல்லாமல் குரோமியம் அதிகம் என்று வந்த அறிக்கையை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஒவ்வொரு புள்ளியிலும் குறைந்தது மூன்று ஆழம்: மேல் 15 செ.மீ., அரை மீட்டர், பிறகு கொட்டிய மண் முடிந்து இயற்கை மண் தொடங்கும் இடத்துக்கு அரை மீட்டர் கீழே. நடுவில் நிறமோ வாசனையோ மாறினால் அங்கும் ஒன்று. ஜேசிபியில் குழி எடுத்தால் அடுக்குகள் நன்றாகத் தெரியும். ஆனால் இடுப்பளவுக்கு மேற்பட்ட குழியில் இறங்காமல், ஜேசிபி வாளியில் வரும் மண்ணின் நடுப்பகுதியிலிருந்து எடுங்கள். புள்ளிக்குப் புள்ளி கருவியைச் சோப்பு நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழியின் மாசு பத்தாவது குழியிலும் ‘கிடைக்கும்’.

ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தால் செலவு குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு புள்ளியில் காரீயம் கிலோவுக்கு 500 மில்லிகிராம், மற்ற நான்கில் 20 என்று வையுங்கள். கலந்தால் வருவது 116. குடியிருப்பு மண்ணுக்குக் கனடா வைத்திருக்கும் அளவான 140க்குள் அடங்கி ‘பாஸ்’ ஆகிவிடும். 500 இருந்த இடத்தில் குழந்தைகள் பூங்கா வரும். கலப்பு மாதிரியை ஏற்காதீர்கள்.

உலோகங்களுக்கு அரை கிலோ மண், சுத்தமான பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் குப்பியில். எண்ணெய், பூச்சிக்கொல்லி போன்றவற்றுக்குப் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் மூடி. பென்சீன் வகைகள் ஆவியாகிப் பறப்பவை. ஜிப் பையில் போட்டு மறுநாள் லேப்புக்கு அனுப்பினால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும். லேப் முன்கூட்டியே எடைபோட்டுத் தரும் மெத்தனால் குப்பியில், மண்ணைத் தோண்டிய உடனே சுமார் 5 கிராம் போட்டு மூட வேண்டும். எல்லாமே பனிக்கட்டிப் பெட்டியில், 4 டிகிரி அளவில். குப்பியில் புள்ளி எண், ஆழம், தேதி, நேரம் எழுதி, யார் யாரிடம் கொடுத்தார்கள் என்ற கைமாற்றுத் தாளும் கூடவே போக வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் அந்தத் தாள் இல்லாத முடிவுக்கு மதிப்பு இருக்காது. பத்து மாதிரிக்கு ஒன்று வேறு எண்ணில் இரட்டையாகப் போகட்டும். இரண்டும் வெகுவாக மாறுபட்டால் லேப்பையோ மாதிரி எடுத்த விதத்தையோ கேள்வி கேளுங்கள்.

நிலத்தடி நீரில் பலர் தவறுவது போர்வெல் விஷயத்தில். நம் பாறை நிலத்தில் 200, 300 மீட்டர் ஆழ போர்வெல்கள் அடிப் பிளவுகளிலிருந்து தண்ணீர் எடுக்கும். மேல் சிதைபாறைப் பகுதியைக் கேசிங் குழாய் மூடியிருக்கும். மாசு முதலில் தேங்குவது அந்த மேல் பகுதியில்தான். ஆகவே ஆழ போர்வெல் தண்ணீர் இன்று நன்றாக இருப்பது நிம்மதிக்குக் காரணமில்லை. திறந்த கிணற்றிலும், தேவைப்பட்டால் ஆழம் குறைந்த கண்காணிப்புக் குழாயிலும் எடுங்கள். கழிவு புதைந்த இடத்தின் நடுவில் குழாய் இறக்கினால் மாசு கீழே போக நீங்களே வழி வெட்டியதாகிவிடும். ஓரத்தில் இறக்குங்கள். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று இடங்களில் நீர்மட்டத்தைச் சென்டிமீட்டர் அளவுக்கு அளக்க வேண்டும். மாதிரிக்கு முன் குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு இறைத்துவிடுங்கள். குரோமியம்-6க்கான நீர் 24 மணி நேரத்துக்குள் சோதிக்கப்பட வேண்டும். உலோகங்களுக்கான நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து வைக்க வேண்டும். மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை எடுத்தால், நீர்மட்டம் ஏறும்போது மாசு எப்படிக் கலக்கிறது என்று தெரியும். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் மழைக்குப் பிந்தையதைத் தேர்ந்தெடுங்கள்.

சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் பரவியது உலகுக்கே தெரிந்த விஷயம். அத்தகைய பாறையின் வெடிப்புகளில் மாசு நேர்கோட்டில் பரவாது. பக்கத்துக் கிணறு தப்பி, தூரத்துக் கிணறு கெடலாம்.

பழைய குப்பை நிலம் என்றால் வாயுவையும் அளக்க வேண்டும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். ஒருமுறை அளந்து பூஜ்யம் வந்ததும் முடித்துவிடாதீர்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்து காற்றழுத்தம் இறங்கும் நாள்களில்தான் மண்ணுக்குள் இருக்கும் வாயு அதிகம் வெளியேறும். அப்படிப்பட்ட நாளிலும் அளக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அறிக்கையைப் படிப்பது

லேப்புக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அந்த அங்கீகாரம் ‘மண்ணில் குரோமியம்-6’ என்ற சோதனைக்கு உண்டா என்று அவர்களின் பட்டியலில் பாருங்கள். குடிநீருக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய லேப்புகள் நிறைய உள்ளன.

‘பிடிஎல்’ என்று போட்டிருந்தால், கருவியால் கண்டறிய முடியாத அளவு என்று பொருள். அந்தக் கருவியின் எல்லை என்ன? கனடாவின் குடியிருப்பு மண் அளவு குரோமியம்-6க்கு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். லேப்பின் எல்லை 2 என்றால், ‘பிடிஎல்’ உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. மாதிரி கொடுக்கும் முன்பே இதைப் பேசி முடியுங்கள். மொத்தக் குரோமியத்தை மட்டும் சோதிப்பதும் போதாது. டேனரியின் குரோமியம்-3 அவ்வளவாக நகராது. குரோமியம்-6 நீரில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னொரு பெரிய குழப்பம், அபாயகரக் கழிவு விதிகளில் வரும் கரைசல் சோதனை. காரீயத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், பாதரசத்துக்கு 0.2 என்ற அளவுகள், ஒரு பொருளை அபாயகரக் கழிவாக அள்ள வேண்டுமா என்று முடிவு செய்வதற்கானவை. அதில் மண்ணைப் போல 20 மடங்கு திரவம் சேர்ப்பார்கள். ஆகவே கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே காரீயம் உள்ள மண், முழுவதும் கரைந்தாலும் அந்த எல்லையைத் தாண்டவே முடியாது. கரையாத வடிவில் இருந்தால் 1,000 இருந்தும் தேறிவிடலாம். விற்பவர் இந்தச் சோதனையைக் காட்டி ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்றால், மண்ணின் மொத்த அளவைக் கேளுங்கள்.

எதோடு ஒப்பிடுவது? தண்ணீருக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தர அளவு இருக்கிறது: லிட்டருக்கு காரீயம் 0.01, ஆர்சனிக் 0.01, மொத்தக் குரோமியம் 0.05, காட்மியம் 0.003, பாதரசம் 0.001 மில்லிகிராம். மண்ணுக்கு இரண்டு வகை அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் குடியிருப்பு அளவுகள் கிலோவுக்கு ஆர்சனிக் 12, காரீயம் 140, பாதரசம் 6.6 மில்லிகிராம். நெதர்லாந்தின் தலையீட்டு அளவுகள் ஆர்சனிக் 76, காரீயம் 530, பாதரசம் 36. முதல் வகைக்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். இரண்டாவதைத் தாண்டினால் சுத்தம் செய்யாமல் எதுவும் கட்டக்கூடாது. நடுவில் விழுந்தால், மூன்றாம் படியில் வரைந்த சங்கிலிகளை வைத்து நிபுணர் ஒருவர் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் கீரை போடுவார்களா, குழந்தைகள் விளையாடுவார்களா, போர்வெல் உண்டா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ஆறாம் படி: முடிவும் ஒப்பந்தமும்

மாசு இருந்தால் வழி நான்கு: மண்ணை அகற்றுவது, மூடுவது, மனைப்பிரிவு வரைபடத்தை மாற்றுவது, நிலத்தை விட்டுவிடுவது. அகற்றிய மண் அபாயகரக் கழிவு என்று வந்தால் அதை லாரிக்காரரிடம் விட முடியாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குப் போக வேண்டும், செலவு நிலத்தின் விலையை எட்டலாம். குரோமேட் கழிவு மேல் வெறுமனே தளம் போட்டு மூடினால், ஈரம் பட்டு அது உப்பித் தளத்தையே தூக்கும். சல்பேட் அதிகமுள்ள மண் சாதாரண கான்கிரீட்டை அரிக்கும். மண்ணின் சல்பேட் சோதனை முடிவை உங்கள் கட்டமைப்புப் பொறியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

சட்டமும் இப்போது நகர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்கள் மேலாண்மைக்கான விதிகளை அறிவித்தது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ சந்தேக இடத்தைத் தானாகவும், பொதுமக்கள் புகாரின் பேரிலும் பட்டியலில் சேர்க்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் நிலப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வரும். நீங்கள் வாங்கும் புல எண் அத்தகைய பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரய ஒப்பந்தத்துக்கு முன்பே சோதனையை முடிக்க முடியாவிட்டால், ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் சேருங்கள்: முந்தைய தொழில்கள் அனைத்தையும் விற்பவர் எழுதித் தருவது, மாதிரி எடுக்க அனுமதி, அதற்கு 60 முதல் 90 நாள் அவகாசம், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் முன்பணம் முழுவதும் திரும்புவது. இந்த நான்காவது வரிக்கு மறுக்கும் விற்பவருக்கு நிலத்தைப் பற்றி உங்களை விட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு.

வாங்கிய பிறகும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நிரப்ப வரும் மண்ணை லாரி லாரியாகப் பாருங்கள். எந்த ஊர், எந்தக் குவாரி என்று சீட்டு இல்லாத லோடை இறக்க விடாதீர்கள். வார்ப்பட மணலும் கசடும் இடிபாடும் ‘கிராவல்’ என்ற பெயரில் வந்து இறங்கும். அஸ்திவாரம் தோண்டும்போது எதிர்பாராத நிறம், டீசல் வாடை, டிரம், பழைய தொட்டி எது தட்டுப்பட்டாலும் அந்தப் பக்கம் வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, தோண்டிய மண்ணைத் தார்ப்பாய் விரித்துத் தனியாகக் குவித்து மேலேயும் மூடுங்கள். நல்ல மண்ணோடு கலந்துவிட்டால் முழுக் குவியலையும் மாசு மண்ணாகத்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். மாதிரி முடிவு வரும்வரை அங்கே கான்கிரீட் போட வேண்டாம்.